ஷேக் வீட்டுச் சிங்

ஸ்ரியறிங்கில் நான். பக்கத்தில், முன் சீற்றில் அவர். பின்னால் நானா. யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆள், எல்லாரும் நானா எண்டுதான் கூப்பிடுறது. நானாவுக்குப் பக்கத்தில் புங்குடுதீவு அக்கா. கடைசிச் சீற்றில் ஒரு திபெத்துக்காரி. அவவுக்குப் பக்கத்தில் எங்கள் எல்லாரின்ர சாப்பாட்டுப் பைகள்.

அவ்வளவுதான் வான். கனடாவில, பார்க்டேலில் நாங்கள் ஏறுவம். வழியில ரெக்ஸ்டேலில் அவரை ஏத்துவம். பிறகு மிசிசாகா, எயர்போட் பக்கம். விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற இடத்தில எல்லாருக்கும் வேலை. முன் சீற் அவருக்கு எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் வேற ஒருத்தரும் அதில இருந்ததும் இல்லை.

அவர் பஞ்சாபி. தலைப்பாகை கட்டின சீக்கியர். அறுபதைத் தாண்டின ஆள். தாடி முழுக்க வெள்ளை. அவரை எல்லாரும் ஷேக் எண்டு கூப்பிடுவினம். சீக்கியருக்கு எப்பிடி ஷேக் எண்டு பேர் வந்தது எண்டு பிறகு சொல்லுறன்.

வானில ஏறின முதல் நாள் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தார். சுகமோ எண்டு கேக்கேல்லை. எந்த ஊர் எண்டார். மன்னார் எண்டன்.

"வீடு இருக்கோ?"

"இருக்கு."

"உன்ர வீட்டில இப்ப ஆர் இருக்கினம்?"

அவர் கதைச்சது பஞ்சாபியும் இங்கிலிசும் கலந்தது. நான் கனகாலம் பஞ்சாபியளோட வேலை செய்தவன். கதைக்க வராது, விளங்கும். இஞ்ச எல்லாத்தையும் எங்கட பாசையில எழுதிறன்.

"ஆமி" எண்டன்.

"எத்தினை பேர்?"

"தெரியாது."

"உள்ளுக்கையோ சமைக்கிறவங்கள், வெளியிலயோ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுப் பார். உன்ர வீடெல்லோ."

எனக்குக் கோபம் வந்தது. ரோட்டைப் பாத்து ஓட்டினன். ஆனால் அந்தக் கேள்வி காலுக்குள்ள முள் மாதிரிக் கிடந்தது. கொஞ்ச நாளால ஊரில இருக்கிற மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தன். மற்றக் கதையெல்லாம் கதைச்சுப்போட்டுக் கடைசியில கேட்டன். கிணத்தடியில வாழை வைச்சிருக்கிறாங்களாம். நல்ல குலையாம்.

அடுத்த நாள் அவருக்குச் சொன்னன். ஒருக்காத் தலையாட்டினார்.

"முந்தி ஆமி எண்டனி. இப்ப வாழை வைக்கிறவங்கள் எண்டு தெரியும்."

என்ர கோபம் போகேல்லை. ஆனால் முந்தி மாதிரி இல்லை.

ஆரைக் கண்டாலும் அவருக்கு இந்தக் கேள்விதான். அக்கா சிரிப்பா.

"இந்த மனுசன் வீடு விக்கிற புரோக்கராப் போயிருக்கவேணும். எங்களிட்டை வந்து மினைக்கெடுது."

"உன்ர வீட்டில ஆர்?" எண்டு அக்காவையும் கேட்டார்.

"ஆடு இருக்கு அங்கிள். எலி இருக்கு. வாடகைதான் தாறேல்லை."

எல்லாரும் சிரிச்சம். அவர் சிரிக்கேல்லை.

"ஆற்றை ஆடு?" எண்டார்.

திபெத்துக்காரி முகாமில பிறந்தவ. தகப்பன்ர வீட்டை அவ கண்ணால கண்டதே இல்லை. அவவையும் கேட்டார். அவ கனநேரம் யோசிச்சு, "பனி" எண்டா. அதுக்கு அவர் ஓம் எண்டு தலையாட்டினார்.

எங்கட சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை. கத்திற ஆள். அவவிட்டையும் போய்க் கேட்டார், உன்ர வீட்டில இப்ப ஆர் எண்டு. நாங்கள் பயந்துபோய் நிண்டம். அவ கையில இருந்த பேனையை வைச்சா.

"என்ர பழைய புருசன்" எண்டா. "புதுப் பெண்சாதியோட."

"அப்ப நீயும் எங்கட ஆள்தான்" எண்டார் அவர். அண்டையிலயிருந்து அந்த மனிசி அவரைப் பாத்துக் கத்தினதில்லை.

நானாவைக் கேட்டது வேற மாதிரி. அது ஒரு பனி நாள். வாகனங்கள் நகரேல்லை. வானுக்குள்ள எல்லாரும் சும்மா இருந்தம். அவர் பின்னால திரும்பி நானாவைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில இருந்து முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகச் சொன்னது எங்கட ஆக்கள்தான். எனக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். வானுக்குள்ள ஒருத்தரும் அதைக் கதைக்கிறேல்லை.

"ஒரு தமிழ்க் குடும்பம்" எண்டார் நானா. "டீச்சர் ஒராள். புருசன் இல்லை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நல்ல ஆக்கள் எண்டுதான் சொல்லுறாங்க."

"அவையின்ர வீடு?"

"ஷெல் விழுந்து உடைஞ்சு போச்சாம்."

"அப்ப அவைக்கும் வேற இடமில்லை" எண்டார் அவர்.

"இல்லைத்தான்" எண்டார் நானா.

அக்கா யன்னலைப் பாத்தா. நான் வைப்பரைப் போட்டன். பிறகு வாகனங்கள் அசைஞ்சது.

அவருக்கு ஏன் இந்தப் பழக்கம் எண்டு எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. அவர் இருந்த ஊர் பஞ்சாபில ஒரு பழைய வியாபார ஊர். அவர் சொல்லேக்க பேர் வடிவாக் கேக்கும். எனக்கு அதைப் பிழையில்லாமல் எழுத வராது, விடுவம்.

பிறேக் நேரத்தில அந்த ஊரைத் தட்டில வைச்சுக் காட்டுவார். வெறுந்தட்டு ஒண்டு எடுப்பார். கரண்டியை நடுவில நீட்டி வைப்பார். அது பெரிய றோட்டு. டில்லியில இருந்து லாகூர் போற பழைய பாதை. வண்டில்காரர் தங்கிற மடம் அதில இருக்கு. சுத்திவர மதில். உள்ளுக்குத் தெரு தெருவா ஆக்கள். உப்புப் பக்கெற்றை ஒரு மூலையில வைப்பார். அது ஜைனர். உப்பும் பொன்னும் விக்கிறவை. பொழுது பட முந்திச் சாப்பிட்டு முடிக்கிறவை. பால் கப் காஷ்மீர் நெசவுக்காரர். பஞ்சத்தில வந்து சால்வை நெய்தவை. பட்டர்க் கட்டி எண்ணெய் ஆட்டிறவை. சீனிப் பக்கெற் ரெண்டை ஒட்டி ஒட்டி வைப்பார். ஒண்டு கத்ரிகள், துணிக்கடையும் வட்டியும். மற்றது ஷேக்குகள், கம்பளியும் தானியமும்.

"இவை ரெண்டு பேரும் ஒரு காலத்தில ஒரு குடும்பம்" எண்டார். "ஒரு பகுதி கடவுளை மாத்தினது. தராசை மாத்தேல்லை. தெருவையும் மாத்தேல்லை."

மிளகுப் பக்கெற்றைத் தட்டுக்கு வெளியில, மேசையில வைச்சார்.

"இது ஆர்?" எண்டு கேட்டன்.

"தோல் வேலை செய்யிற ஆக்கள். மதிலுக்கு வெளியில."

பிறகு நாடு பிரிஞ்ச கதையைச் சொன்னார். பால் கப்பையும் பட்டர்க் கட்டியையும் ஒரு சீனிப் பக்கெற்றையும் எடுத்துத் தன்ர சட்டைப் பைக்குள்ள போட்டார். ஷேக்குகளும் நெசவுக்காரரும் எண்ணெய்க்காரரும் போட்டினம், பாகிஸ்தானுக்கு. அந்தப் பக்கத்தில இருந்து கடை கண்ணியை விட்டு ஓடி வந்த ஆக்களை அந்த வீடுகளில குடி வைச்சினம். அதில ஒரு குடும்பம் இவற்றை. இவருக்கு அப்ப ஏழு வயசு.

மிளகுப் பக்கெற் மேசையில அப்பிடியே கிடந்தது.

"இவை?"

"இவை போகவும் இல்லை, வரவும் இல்லை. இவையின்ர வீடு ஒருத்தருக்கும் தேவைப்படேல்லை."

பெல் அடிச்சது. தட்டைத் துடைச்சு வைச்சுப்போட்டு எழும்பினார். வேலை முடிஞ்சுது எண்டு சொல்லமாட்டார். அந்த ஊரில கடை பூட்டுறதைப் பூட்டுறது எண்டு சொல்லக்கூடாதாம். வியாபாரம் பெருகட்டும் எண்டு, பெருக்கிறது எண்டுதானாம் சொல்லுறது. ஷிப்ற் முடியேக்க, "பெருக்குவம் தம்பி, பெருக்குவம்" எண்டு கொண்டுதான் கையுறையைக் கழட்டுவார்.

இனிப் பேரின்ர கதை. ஆக்கள் மாறினாலும் அந்த ஊரில வீட்டுப் பேர் மாறேல்லை. இவை குடியிருந்தது ஷேக் வீடு. தபால்காரன் ஷேக் வீடு எண்டுதான் கடிதம் கொண்டு வருவான். பால்காரன் ஷேக் வீட்டுக்கு ரெண்டு போத்தல் எண்டு கத்துவான். பள்ளிக்கூடத்தில இவர் ஷேக் வீட்டுப் பெடியன். கலியாணப் பந்தலில ஷேக் வீட்டு மாப்பிள்ளை. தலைப்பாகையும் வாளும் கட்டிக் குதிரையில போன மாப்பிள்ளைக்கு அந்தப் பேர். கனடா வந்தும் விடேல்லை. எங்கட வேலைத்தலத்துக்கு அதே ஊர் ஆள் ஒருத்தன் வந்தவன். கன்ரீனுக்குள்ள இவரைக் கண்டதும் "ஓய் ஷேக்கா!" எண்டு கத்தினான். அவன் கொஞ்ச நாளில வேலையை விட்டிட்டுப் போட்டான். பேர் நிண்டிட்டுது.

அந்தப் பேரால வந்த பகிடியும் உண்டு. ஒரு நோன்பு மாசம். புதுசா வந்த ஒரு சூப்பர்வைசர் பெடியன், நோன்பு பிடிக்கிற ஆக்களுக்குப் பொழுது படேக்க பிறேக் எண்டு பேர் வாசிச்சான். நானாவின்ர பேர் வாசிச்சான். ஷேக் எண்டும் வாசிச்சான். இவர் எழும்பிப் போனார். நானாவோட இருந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டார். மாசம் முழுக்க அப்பிடித்தான்.

"அங்கிள், நீங்கள் பத்து மணிக்கு ரொட்டி சாப்பிட்டதை நான் கண்டனான்" எண்டா அக்கா.

"பேருக்கு ஒரு மரியாதை குடுக்க வேணும்" எண்டார்.

அடுத்த நாளில இருந்து அவர் பத்து மணிக்கு ரொட்டி சாப்பிடுறதை நாங்கள் காணேல்லை.

தகப்பன்ர பழைய வீட்டை அவர் ஒருக்காப் போய்ப் பாத்தவர், பாகிஸ்தானில. சீக்கியக் கோயிலுக்குப் போற ஆக்களோட போய், அங்கயிருந்து விசாரிச்சுப் போனவர். கதவைத் திறந்தது ஒரு மாட்டுக்காரக் குடும்பம். அவையும் இந்தப் பக்கத்தில இருந்து ஓடிப்போன ஆக்கள்தான். பால் குடுத்தவையாம். தகப்பன் இருந்த அறையில ஒரு கிழவன் படுத்திருந்து இருமினாராம்.

"என்ர அப்பா சாகும் வரைக்கும் அந்த வீட்டில ஆர் எண்டு தெரியாமல் கிடந்து அவதிப்பட்டவர்" எண்டார். "எனக்குத் தெரியும். ஒரு கிழவன் இருமுறான். அவ்வளவுதான். பிறகு எனக்கு நித்திரை வந்தது."

அதுக்குப் பிறகுதான் அவர் எல்லாரையும் கேக்கத் தொடங்கினது.

ஒரு நாள் வானில நானா சந்தோசமா ஏறினார். அவர் வெள்ளிக்கிழமையில மிசிசாகாவில ஒரு பள்ளிவாசலுக்குப் போறவர். அங்க பழக்கமான ஒரு பாகிஸ்தான் கடைக்காரர். கதையோட கதையா அவற்றை தாயின்ர ஊர் எது எண்டு தெரிய வந்திருக்கு. நானா விடுவாரே?

"எங்கட வேலையில ஒராள் இருக்கார், அதே ஊர், ஷேக் எண்டு பேர், ஷேக் வீட்டு ஆள் எண்டு சொன்னன்" எண்டார். "அந்த உம்மா ரெலிபோனைப் பறிச்சுக் கதைச்சா. அவங்கதானாம் அந்த ஷேக் வீடு. ஓடேக்க அவட சித்தப்பா ஒராள் வேற பாதையால போனவராம். பிறகு காணவே இல்லையாம். நீங்க அவற்றை மகனாத்தான் இருக்கவேணுமாம். ஜி, உங்களைத் தன்ர தம்பி எண்டு சொல்லி அழுறா."

அவர் திரும்பிப் பாக்கேல்லை.

"நான் சீக்கியன் எண்டு சொன்னனியோ?"

"அதை அவங்க கேக்கேல்லையே" எண்டார் நானா. பிறகுதான் நானாவுக்கு விளங்கினது. கையால வாயைப் பொத்தினார்.

"ஐயோ நானா" எண்டா அக்கா.

"ரெலிபோன் எடுத்துச் சொல்லட்டோ? இப்பவே சொல்லுறன்."

"வேண்டாம்" எண்டார் அவர்.

அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை அவர் ஒருத்தரையும் வீடு கேக்கேல்லை. புதுசா ஒரு சோமாலிப் பெடியன் வேலைக்கு வந்தவன். அவனையும் கேக்கேல்லை. அந்தக் கிழவி ரெலிபோனுக்கு மேல ரெலிபோன் எடுக்கிறா எண்டு நானா தலையில கை வைச்சார். கடைசியா ஒரு வெள்ளி, முன் சீற்றில இருந்து இறங்கேக்க அவர் என்ர தோளில தட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை வானைக் கொண்டு வா. இது முகத்தைப் பாத்துச் சொல்லுற விசயம்."

ஞாயிறு நானும் அவரும்தான். நானா வரேல்லை, வெக்கம். இவர் நல்ல நீலத் தலைப்பாகை கட்டியிருந்தார். ஒரு பெட்டி இனிப்பு மடியில. கடையில கட்டின கயிறைக் கழட்டித் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சொந்தக்காரன் இல்லை எண்டு சொல்லப் போறியள். வேற என்ன?" எண்டன்.

"அவ என்னைக் கேப்பா. வீட்டில இப்ப ஆர் எண்டு."

"சொல்லுங்கோவன்."

"வீடு இல்லை, தம்பி."

நான் வானை ஒரு பக்கமா எடுத்தன். இவ்வளவு காலமும் அவர் வீடு நிக்கிற மாதிரித்தான் கதைச்சவர்.

"மூண்டு சகோதரங்கள். ஒரு வீடு. எல்லாருக்கும் வெளிநாடு. வித்திட்டம். வாங்கினவன் அத்திவாரத்தோட உடைச்சுக் கடை போட்டிட்டான். நான் போய்ப் பாத்தனான்."

"வீடு இருக்கு எண்டு சொல்லிவிடுங்கோ. வயசு போன மனிசி. போய்ப் பாக்கவே போறா?"

என்னைப் பாத்தார்.

"நான் எத்தினை பேரிட்டைக் கேட்டிருக்கிறன்" எண்டார். "எனக்கு ஒருத்தரும் பொய் சொல்லேல்லை."

வீடு பெரிய வீடு. வாசலில நாலு கார் நிண்டது. சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டிருக்கினம். வாசலுக்கு வரவே இறைச்சி மணம். கதவைத் திறந்தது கடைக்காரர். தலைப்பாகையைக் கண்டார். என்னைப் பாத்தார். எனக்குப் பின்னால வேற ஆரும் வருகினமோ எண்டு பாத்தார்.

"ஷேக்?" எண்டார்.

"ஓம்" எண்டார் இவர்.

உள்ளுக்க சோபாவில அந்த அம்மா இருந்தா. மெலிஞ்ச மனிசி. வெள்ளைத் துணியால தலையை மூடியிருந்தா. கண் வடிவாத் தெரியும் போல. தலைப்பாகையைப் பாத்தா, தாடியைப் பாத்தா. கடைக்காரற்றை முகம் இறுகிப் போச்சு.

அந்த அம்மா எழும்பி வந்தா. ரெண்டு கையாலும் அவற்றை முகத்தைப் பிடிச்சா.

"உன்னைச் சீக்கியனாக்கிப் போட்டாங்களோ?" எண்டா. "பரவாயில்லை. பரவாயில்லை தம்பி. உயிரோட இருக்கிறாய்."

போக முடியாமல் நிண்டுபோன ஆக்கள் சிலபேர் அந்தக் காலத்தில அப்பிடி மாறினதுதானாம். அதை நான் பிறகுதான் கேள்விப்பட்டன். அந்த இடத்தில எனக்கு விளங்கினது ஒண்டுதான். இவர் வாயைத் திறக்காட்டி இனி இவர் இந்த வீட்டுப் பிள்ளை. அந்த அம்மா அழுதா. பின்னால நிண்ட பொம்பிளையளும் அழுதினம். ஒரு சின்னப் பெட்டை ரெலிபோனால படம் பிடிச்சுக்கொண்டு நிண்டது. சும்மா நிண்டால் போதும்.

அவர் அந்தக் கையளை மெல்லப் பிடிச்சு இறக்கினார்.

"ஆப்பா" எண்டார். அக்கா எண்டு அர்த்தம். "நான் உங்கட சித்தப்பாவின்ர மகன் இல்லை. நாங்கள் அந்தப் பக்கத்தில இருந்து வந்தனாங்கள். நீங்கள் போன பிறகு. உங்கட வீட்டை எங்களுக்குத் தந்தவை. அதால எனக்கு உங்கட பேர்."

அந்த அம்மா கையைத் தன்ர துணியில துடைச்சா. போய்ச் சோபாவில இருந்தா. அவரை இருக்கச் சொல்லேல்லை. இனிப்புப் பெட்டியோட அவர் நடு அறையில நிண்டார். நான் கதவடியில. மகன் ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையைக் காட்டி நிப்பாட்டினா.

"எங்கட சித்தப்பாவைப் பற்றி ஒண்டும் கேள்விப்படேல்லையோ?"

"இல்லை ஆப்பா. நாங்கள் வரேக்க வீடு திறந்து கிடந்தது. ஒருத்தரும் இல்லை."

அவ தலையை நிமித்தினா.

"இப்ப எங்கட வீட்டில ஆர் இருக்கினம்?"

அவர் இனிப்புப் பெட்டியை மேசையில வைச்சார்.

"வீடு இல்லை ஆப்பா. நாங்கள் வித்திட்டம். வாங்கினவன் உடைச்சிட்டான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"மேல் அறையும்?"

"ஓம்."

"உடைச்சுப்போட்டு என்ன செய்தவன்?"

"கடை போட்டிருக்கிறான். றோட்டுப் பக்கம் பாத்து."

அந்த அம்மா சேலைத் தலைப்பு மாதிரி இருந்த அந்தத் துணியால வாயை மூடினா. அழப் போறா எண்டு நினைச்சன். தோள் குலுங்கினது. துணியை எடுத்தா. சிரிக்கிறா.

"அப்பா" எண்டா. அவையும் அப்பா எண்டுதான் சொல்லுறது. "எங்கட அப்பா ஊரை விடும் வரைக்கும் இதைத்தான் கேட்டவர். முன்பக்கத்தை உடைப்பம், றோட்டைப் பாத்துக் கடை போடுவம் எண்டு. தாத்தா விடேல்லை. ரெண்டு பேரும் சாப்பாட்டில ஒவ்வொரு நாளும் சண்டை. தாத்தா சொல்லுவார், இதில நாலு கடைக்கு மேல வராது, நாலு கடைக்காக வீட்டை உடைக்கிறதோ எண்டு. அப்பா சொல்லுவார், பத்து வரும் எண்டு."

கண்ணைத் துடைச்சா. பக்கத்தில கிடந்த குசனைத் தள்ளி இடம் விட்டா.

"இரு" எண்டா. அவர் இருந்தார். "இப்ப சொல்லு. எத்தினை கடை?"

அவர் கண்ணை மூடினார். உதடு அசைஞ்சது. றோட்டின்ர ஒரு முனையில தொடங்கி மற்ற முனை வரைக்கும் எண்ணுறார். வேலையில பெல்ற்றில வாற தட்டுகளை எண்ணேக்க அவர் இப்பிடி நிக்கிறதை நான் கண்டிருக்கிறன்.

கண்ணைத் திறந்தார்.

"பதினாலு."